முகம் அச்சாகாத லட்சுமி

முகமே இல்லாமல் அச்சாகிப்போன மகாலட்சுமி, நெடுங்கரையின் நாலாயிரம் வீடுகளிலும் தானாகவே ஆளுக்கொரு முகம் எடுத்துக்கொண்ட அந்த வருஷத்தில், மழை வழக்கம்போலப் பொய்த்தது, வெயில் வழக்கம்போல மண்டையைப் பிளந்தது, ஊர்க்காரர்களும் வழக்கம்போலக் காலையில் குளித்துவிட்டு வந்து ஈரக் கையோடு தேதியைக் கிழித்தார்கள். உலகம் புரண்டுவிடவில்லை. ஆனால் கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் காலண்டருக்கு முன்னால் நின்ற நேரம் மட்டும் கொஞ்சம் கூடிப்போனது.

நெடுங்கரை காலண்டர் ஊர். கரிசல் மண் கைவிட்டதும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பிழைத்த ஊர். அங்கே குழந்தைகள் நடக்கப் பழகும்போதே காலில் கலர் மை ஒட்டிக்கொள்ளும், கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை எந்த மெஷினில் நிற்கிறார் என்று கேட்பார்கள், ஆடி மாதத்திலேயே அடுத்த வருஷத்துப் பொங்கல் அச்சாகிக் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அந்த ஊரில் தனுஷ்கோடி அண்ணாச்சியின் அச்சகத்தில் தங்கேஸ்வரி சாமி செய்கிறவள். அவள் உளியையோ தூரிகையையோ தொட்டதில்லை; கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு பழைய படத்திலிருந்து தாமரையையும் இன்னொன்றிலிருந்து யானையையும் மற்றொன்றிலிருந்து பட்டுச் சேலையின் மடிப்பையும் எடுத்து லேயர் லேயராக அடுக்குவாள். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் திரையில் ஒரு சின்னக் கண் இருக்கும். அதை அழுத்தினால் கண் மூடிக்கொள்ளும், அந்த லேயர் மறைந்துவிடும். மறுபடி அழுத்தினால் கண் திறக்கும், மறைந்தது திரும்பி வரும். பதினோரு வருஷமாக இதுதான் அவள் பிழைப்பு. முகத்தை மட்டும் எப்போதும் கடைசியில்தான் வைப்பாள், ஏனென்றால் சண்டையெல்லாம் முகத்தில்தான் வரும்.

லட்சுமியின் முகம் என்பது நெடுங்கரையில் லேசுப்பட்ட விஷயம் இல்லை. அண்ணாச்சியின் தாத்தா காலத்துப் படங்களில் அவள் ஜமீன் வீட்டு அம்மாளைப்போல இமை தாழ்த்தி, ஆளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஊரே எலும்பும் தோலுமாகத் திரிந்த பஞ்ச காலத்தில் அவளுக்குக் கன்னம் உப்பி, கையில் சதை மடிப்பு விழுந்தது. சினிமாக் கொட்டகை வந்ததும் புருவம் வளைந்தது, உதடு சிவந்தது. வீட்டுக்கு வீடு டிவி வந்த பிறகு முகப்பூச்சு விளம்பரத்துப் பெண்ணைப்போல வருஷத்துக்கு ஒரு சுற்று வெளுத்துக்கொண்டே வந்து, கடைசியில் சுண்ணாம்புச் சுவர் நிறத்துக்கு வந்து நின்றாள். ஊருக்கு எதன்மேல் ஏக்கமோ அது சாமியின் முகத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெயிலில் கறுத்துப் பிறந்து வெயிலில் கறுத்துச் சாகிற அந்த ஊர், தன் நிறத்தில் ஒரு லட்சுமியை ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஆடியில் சண்டை உச்சத்துக்குப் போய்விட்டது. பதினெட்டாம் பெருக்கன்று அடுத்த வருஷத்து மாதிரிப் படங்கள் அடங்கிய புது ஆல்பத்தைப் பூஜையில் வைத்துத் திறந்தாக வேண்டும், வெளியூர் ஏஜெண்டுகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். அதற்கு மூன்று நாள் இருக்கும்போது கோயம்புத்தூர்க்காரர் வட்ட முகம் கேட்டார், மதுரைக்காரர் மூக்குத்தி பெரிதாக வேண்டும் என்றார், சென்னைக்காரர் புதிதாக வந்திருக்கும் சீரியல் நாயகியின் சாயல் இல்லாவிட்டால் சரக்கே போகாது என்று சத்தியம் செய்தார். தங்கேஸ்வரி பதினோரு முகம் செய்தாள். அண்ணாச்சி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஏம்மா தங்கம், இன்னுங் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்று பன்னிரண்டாவது முறையாகச் சொன்னபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினோரு லேயரின் கண்ணையும் ஒவ்வொன்றாக மூடிவிட்டு, தன் கண்ணையும் கொஞ்சம் மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, "பிளேட்டுக்கு ஃபைலை அனுப்பு, மெஷின் சும்மா நிக்குது!" என்று குரல் வர, பதறிப்போய் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது நாற்பதாயிரம் தாள் ஓடி முடிந்திருந்தது. மேலே கிடந்த ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கிரீடம் இருந்தது, மாலை இருந்தது, இரண்டுக்கும் நடுவில் கோழிமுட்டை அளவுக்கு வெறும் வெள்ளை இருந்தது. பின்னமான சாமியை வீட்டில் வைத்துக் கும்பிடக்கூடாது என்பது ஊரறிந்த சங்கதி. முகமே இல்லாத சாமியை நாற்பதாயிரம் வீட்டுக்கு அனுப்பினவளை எந்த அச்சகம் வாசற்படி மிதிக்க விடும்?

மெஷினில் நின்ற வீரணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். "என்னக்கா, இந்த வருசம் மொகம் அம்சமா அமைஞ்சிருக்கு. அப்படியே எங்க சின்னம்மா மாதிரி."

கேலி செய்கிறான் என்று நினைத்து அவள் தாளை மடக்கப் போனாள். அதற்குள் அண்ணாச்சி வந்து தாளை வாங்கினார். வெளுப்பு போதவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெருக்கு அன்று ஏஜெண்டுகளும் அப்படித்தான். வட்ட முகம் கேட்டவரும் சீரியல் முகம் கேட்டவரும் ஆல்பத்தைப் பிரித்துவிட்டு, கேட்டதை மறந்து ஆர்டரை எழுதிக் கொடுத்தார்கள். தங்கேஸ்வரி மட்டும் வெள்ளையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உண்மையை எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

தை பிறப்பதற்கு முன்னால் காலண்டர்கள் வீடுகளில் ஏறின. ஆணியில் மாட்டின கணத்திலிருந்து அந்தப் படம் அந்த வீட்டைச் சேர்ந்ததாகிவிட்டது. யார் வந்து பார்த்தாலும் அந்த வீட்டு முகமே தெரிந்தது. வாத்தியார் தெருவில் ஒரு மருமகளின் முகம், பக்கத்து வீட்டில் செத்துப்போன மூத்த தாரத்தின் முகம். அங்கே இளைய தாரம் முதல் நாள் அழுது, இரண்டாம் நாள் யோசித்து, மூன்றாம் நாளிலிருந்து விளக்கேற்றினாள். போலீஸ் ஸ்டேஷனில் கூட்டிப் பெருக்கும் பெண்ணின் முகம் தாமரைமேல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த இன்ஸ்பெக்டர், மறுநாள் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகளைத் தலைமுழுகிய ஒரு தகப்பன், அவள் முகத்துக்குக் கீழே மாசி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தேதி கிழித்தார். ஒருநாள் ஏகாதசியையும் துவாதசியையும் சேர்த்துக் கிழித்துவிட்டு, அதற்குமேல் தாளாமல் பஸ் ஏறிப் போய் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவி போன பிறகு மூன்று பெண் குழந்தைகளைத் தனியாளாக வளர்த்த டெய்லர் சுடலைமணியின் வீட்டில் லட்சுமிக்கு முறுக்கு மீசை இருந்தது. அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போது மீசைக்காரிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போயின. யாரும் சிரிக்கவில்லை.

அந்தந்த வீடு யாருடைய தோளில் நிற்கிறதோ அவருடைய முகம் வருகிறது என்பதை ஊர் தை முடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டது. அச்சக முதலாளிகள் கூடிப் பேசினார்கள், கோயில் கமிட்டி கூடிப் பேசியது. இதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இரண்டு கூட்டமும் தீர்மானம் போட்டுவிட்டு டீயும் வடையும் சாப்பிட்டுக் கலைந்தன. பிறகு ஊர் தானாகவே அதற்கொரு முறைமையை உண்டாக்கிக்கொண்டது. முகத்துக்கு உரியவரிடம் அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது. நேருக்கு நேர் புகழ்ந்தால் கண்பட்டுவிடும், நிற்கிற தோள் சாய்ந்துவிடும். விருந்தாளியாக வந்தவர்களும் காலண்டரைப் பார்த்துவிட்டு, "தேதி நல்லாருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். வீட்டுக்காரர்களும், "ஆமா, நல்லாருக்கு" என்பார்கள். அதற்குமேல் பேச்சு கிடையாது. எங்கள் வீட்டில் யார் முகம் தெரியுமா என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதும் மரியாதையில்லை என்று ஆகிப்போனது. தெருவில் மட்டும் சின்னச் சின்ன மாற்றம். எப்போதும் கடைசியில் சாப்பிடுகிற ஒருத்தியிடம் யாரோ வந்து, "நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்கள். கேட்கப்பட்டவள் காரணம் தெரியாமல் விழித்தாள்.

இத்தனைக்கும் நடுவில் தங்கேஸ்வரியின் வீட்டுக் காலண்டரில் முகம் வரவே இல்லை.

நாலாயிரம் வீட்டுக்கும் இரங்கிய தாய், தன் வீட்டை மட்டும் விலக்கிவிட்டாள் என்று அவள் உறுதியாக நம்பினாள். முகமில்லாமல் என்னைத் தெருவில் விட்டவள் இவள்தானே என்று சாமி கோபித்துக்கொண்டிருக்கிறது, நியாயந்தான். ஒவ்வொரு காலையும் அவள் அந்த வெள்ளையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். இதைவிடக் கஷ்டம், அவளைத் தவிர வீட்டில் மற்ற எல்லோரும் அதில் யாரையோ பார்த்தார்கள். கட்டிங் மெஷினில் வேலை பார்க்கும் அவள் கணவன் வனராஜ் தேதியைக் கிழித்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான், பிறகு ஏதோ தப்புச் செய்தவனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டு தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவி எடுத்துக்கொள்வான். மாமியார் குருவம்மாள் தினமும் விளக்கேற்றி, மோதிர விரலில் குங்குமம் தொட்டு, அந்த வெற்று வெள்ளையின் நடுவில் அழுத்தி ஒரு பொட்டு வைப்பாள்.

குருவம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் மருமகளைப் பார்த்து அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னது கிடையாது. குழம்பில் உப்புக் கூடிப்போச்சு, கோலம் கோணிப்போச்சு, வேலைவிட்டு வர நேரமாகிப்போச்சு. இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வதிலேயே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது. பட்டாசு விபத்தில் போய்ச் சேர்ந்த ஒரே மகள் மல்லிகாவின் பேரை மட்டும் எப்போதாவது தனியாகச் சொல்லிக்கொள்வாள். அவள் பொட்டு வைப்பது மல்லிகாவுக்குத்தான் என்று தங்கேஸ்வரி முடிவுகட்டியிருந்தாள். கேட்டுவிடலாம்தான். ஆனால் உனக்குத் தெரியவில்லையா என்று திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது? அச்சகத்துக் குட்டு அங்கேயே உடைந்துவிடுமே. அதனால் அவளும் எல்லோரையும்போலத் தெரிந்த மாதிரி நடித்தாள். தன் வீட்டிலேயே ஒரு திருடியைப்போல இருப்பது அவளை உள்ளுக்குள் அரித்தது.

மாசியிலிருந்து மத்தியானங்களில் அச்சகத்துக்குப் போன் வரத் தொடங்கியது. படத்தைப் பற்றிய புகார் என்றால் தங்கேஸ்வரியிடம் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் பெண் குரல்கள், வீட்டில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தாழ்ந்து பேசுகிற குரல்கள். "கோவிச்சுக்காதீங்க, எங்க காலண்டர்ல மட்டும் மொகம் அடிக்காம விட்டுப்போச்சு. வீட்டுல சொன்னா கொறையா நெனப்பாக. மாத்திக் குடுப்பீகளா?" ஒரே ஒரு ஆண் குரல்கூட வந்தது, பின்னால் தையல் மெஷின் சத்தத்தோடு. ஒவ்வொரு போனுக்கும் தங்கேஸ்வரி நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். தன் வீட்டைப்போலவே தண்டிக்கப்பட்ட வீடுகள் இத்தனையா? அவளுடைய பிழைக்கு இத்தனை பேரா பழி சுமக்கிறார்கள்?

அடுத்த ஆடி வந்தது. புகார் எண்ணூறைத் தாண்டிவிட்டது என்று யாரோ அண்ணாச்சியின் காதில் போட, அவர் மிரண்டுபோனார். "வந்த வரைக்கும் போதும்மா. இந்த வருசம் எல்லாருக்கும் ஒரே மொகமா, பளிச்சுனு ஒண்ணு வச்சிரு. இன்னைக்கே பிளேட்டுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டார். தங்கேஸ்வரிக்கு ஒரு பக்கம் நிம்மதி. ஒரு லேயரின் கண்ணைத் திறந்தால் போதும், அவள் குற்றம் யாருக்கும் தெரியாமல் மறைந்துவிடும். இன்னொரு பக்கம், போலீஸ் ஸ்டேஷன் நாற்காலியும் மீசைக்காரிக்குக் காட்டின கற்பூரமும் நெஞ்சில் வந்து நின்றன. சுட்டு விரல் மவுஸின்மேல் இருக்க, அழுத்த மனம் வராமல் அவள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"மொகம் இல்லாத காலண்டர் ஒண்ணு இங்க கெடக்கு தாயி. இது ஆறாவது தடவ, யாரும் வந்து பாக்க மாட்டேங்கீக" என்றது ஒரு வயசான குரல். விலாசம் கேட்டாள். அண்ணாச்சியின் வீடு!

அவள் உடனே எழுந்து போனாள். அண்ணாச்சியின் அக்கா ரத்தினத்தாய் கதவைத் திறந்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல் ஐந்து தம்பிகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கட்டிலில் இருந்தவர். இந்த வருஷம் மட்டும் தம்பி என்ன நினைத்தானோ, கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைக் காட்டினார்.

"நீயே பாரு. வெறும் வெள்ளையா இருக்கு. எந் தம்பி மனசு கஷ்டப்படுமேன்னு அவங்கிட்டச் சொல்லல."

தங்கேஸ்வரி பார்த்தாள். தாமரைமேல், யானைகள் நீர் ஊற்ற, பட்டுச் சேலையும் கிரீடமுமாக ரத்தினத்தாய் உட்கார்ந்திருந்தார். அதே கறுத்த நிறம், அதே ஒடுங்கிய கன்னம், இடது மூக்கோரத்தில் அதே மரு. படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தாள். கைகள் தானாகக் குவிந்தன, எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றன.

"ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலியாம்மா?"

"கண்ணு நல்லாத்தான இருக்கு. தேதி தெரியுது, ராகு காலந் தெரியுது. மொகந்தான் தெரியல."

"தேதி நல்லாருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். தாழ்ந்த குரலில் பேசிய எண்ணூறு பேரும், தையல் மெஷின் சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டே வந்தன. ஓட்டமும் நடையுமாக அச்சகத்துக்குப் போய், மூச்சிரைக்க அண்ணாச்சியின் முன்னால் நின்றாள்.

"மொகம் வச்சாச்சா?"

"இல்ல அண்ணாச்சி. போன வருசமும் வைக்கல."

நடந்ததையெல்லாம் சொன்னாள். பதினோரு கண்ணை மூடினது, வெள்ளையாக ஓடின நாற்பதாயிரம், ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னாள். அண்ணாச்சி மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த முதல் தாளை வெளியே எடுத்தார். அவள் கண்ணுக்கு அது இன்றைக்கும் வெள்ளைதான்.

"மொகம் இல்லைங்கிற. எங்க அக்கா இருக்கே இதுல?"

"அவுங்களாத்தான் வந்திருக்காக அண்ணாச்சி. நான் வைக்கல. அவுகளுக்கு மட்டும் அது தெரியல, அதான் போன் பண்ணுறாக. மொகம் யாரோ, அவுக கண்ணுக்குத்தான் அது தெரியாது. புகார் சொல்ற அத்தன பேரும் அந்தந்த வீட்டு லட்சுமி."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "அக்கா, அதோட பத்து வயசுலயே எனக்குச் சோறு ஊட்டுனது. கருவாட்டுல முள்ளெடுத்து ஊட்டும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, "அந்தப் பதினோரு மொகத்தையும் அழிச்சிட்டு அனுப்பு" என்றார்.

அவள் அழித்தாள். ஒன்று, இரண்டு என்று பதினொன்றும் திரையை விட்டுப் போயின. பிளேட் ஏறியது, மெஷின் ஓடத் தொடங்கியது. அச்சகத்தை விட்டு அவள் இறங்கும்போது வெயில் இன்னும் இருந்தது. இன்றைக்காவது நேரத்தோடு வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு பாதித் தெரு நடந்தாள். அண்ணாச்சியிடம் தானே சொன்ன வார்த்தை அங்கேதான் அவளுக்குக் கேட்டது. ஏழு மாதமாக வீட்டுச் சுவரில் அவள் பார்த்த வெள்ளை, வனராஜ் கழுவின டிபன் பாக்ஸ், குங்குமம் தொட்ட மோதிர விரல். நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்த பேப்பர் லோடு வண்டிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், சுற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் குருவம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "இன்னைக்கு என்ன அதிசயம், நேரத்தோட வந்தாச்சு" என்றாள்.

தங்கேஸ்வரி காலண்டருக்கு முன்னால் போய் நின்றாள். இப்போதும் வெள்ளைதான். ஏழு மாதத்துப் பொட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அட்டையில் குங்குமம் காய்ந்து தடித்துப்போயிருந்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஊர் முறைமையை மீறிக் கேட்டாள்.

"அத்தே, இதுல யாரு மொகம் இருக்கு?"

முறம் ஆடுவது நின்றது. "அதெல்லாம் வாயால கேக்கக்கூடாது."

"எனக்குத் தெரியல அத்தே. ஏழு மாசமா தெரியல. மல்லிகான்னு நெனச்சிருந்தேன்."

குருவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்தாள். காலண்டரை ஒரு தடவை பார்த்தாள், மருமகளை ஒரு தடவை பார்த்தாள். இரண்டு கையாலும் தங்கேஸ்வரியின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். பத்து விரலும் படபடவென்று நெட்டி முறிந்தன.

"தெனமும் ஒனக்குத்தானடி பொட்டு வச்சேன்" என்றாள். "நெத்தியில குளுந்துச்சா இல்லியா?"